தில்லைநாதனின் வலது கால்

தில்லைநாதன் வலது காலைத் தூக்கி ஹமீட்டின் இடுப்புக்கு நேர் மேலே பிடித்திருந்தார். கால் இறங்கவில்லை.

கீழே, பருப்பு மூட்டைகளின் மேல் குப்புறக் கிடந்த ஹமீட் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். சுற்றி நின்ற, மூட்டை தூக்கும் நாட்டாமிமார் கழுத்து வியர்வையைக்கூடத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொன்டெய்னரில் பாதி இறங்கியிருந்தது. மீதிப் பாதி, ஐம்பது கிலோ மூட்டைகளாக, உள்ளே இருட்டுக்குள் அடுக்கி நின்றது. அதையும் இவர்களுடைய கழுத்துகள்தான் இறக்க வேண்டும்.

"அண்ணே, இன்னும் வெக்கல்லயா?" என்றார் ஹமீட்.

"கொஞ்சம் பொறுங்கோ." தில்லைநாதனின் குரல் நூலாக வந்தது.

"இன்டக்கி காலு கூட நேரம் நிக்குது," என்று பின்னால் ஒருவர் கிசுகிசுத்தார். "பெரிய எறக்கம் ஒண்டு வரப்போவுது."

தில்லைநாதனுக்கு இறங்கியது வேறு. வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக, மூட்டைக்குக் கொழுவும் இரும்புக் கொக்கியை யாரோ கொழுவி இழுத்தது போலிருந்தது. காலை இறக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அப்படியே சரிந்து ஹமீட்டின் முதுகில் உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லா!" என்றார் ஹமீட். "இன்டக்கி காலுக்கு என்ன பாரம்!"

கொழும்பு ஒருகொடவத்தையில் இருக்கும் அந்தக் களஞ்சியத்துக்குத் தில்லைநாதன் ஸ்டோர் கீப்பர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொட்டாஞ்சேனையில் குடியிருப்பவர். பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால்தான் முதலில் வெளியே வந்ததாம். காலால் பிறந்தவர் காலால் தட்டினால் நாரிப்பிடிப்பு, அதுதான் இடுப்புப் பிடிப்பு, விட்டுப்போகும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. இருந்தாலும் ஐம்பது வயது வரைக்கும் அவருடைய காலை ஒருவரும் கேட்டதில்லை. வீட்டில் மனைவி சுபோதினிகூட அந்தக் காலைக் கண்டால், "செருப்பை வெளியிலை கழட்டுங்கோ" என்று மட்டும்தான் சொல்லுவாள்.

எல்லாவற்றையும் மாற்றியவர் முதலாளி மீரா சாஹிப். ஒருநாள் லொறிக் கதவைத் திறக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். நாரி பிடித்துக்கொண்டது. தில்லைநாதன் தயங்கித் தயங்கித் தன் பிறப்பின் கதையைச் சொன்னார். மீரா சாஹிப் மூட்டையில் குப்புறப் படுத்தார். மூன்று தட்டு. எழும்பி நேராக நடந்து போய்க் காரில் ஏறினார்.

அன்றைக்கே கட்டளை பிறந்தது. மீரா சாஹிப்பின் களஞ்சியத்தில் ஒரு சட்டம் உண்டு: கொன்டெய்னர் வெறுமையாகும் வரைக்கும் ஒருத்தரும் குந்தக் கூடாது. கூரையில் கெமரா. புறக்கோட்டைக் கடையில் இருந்தபடி போனில் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை ஹமீட் செருப்பு வாரைச் சரிசெய்யக் குந்தியதற்கே போன் கோல் வந்தது. "யாரது குந்தினது?" அப்படிப்பட்டவர் சொன்னார்: "நாரி புடிச்சா மட்டும் தில்லைட கால உடனே வாங்கிக்கோங்க. வேல ஓடணும்."

அதற்குப் பிறகு நாரி பிடிக்காத நாளில்லை. இரண்டு கொன்டெய்னர் வரும் நாளில் எல்லோருக்குமே பிடித்தது. மூட்டை தூக்குகிற முதுகு நாற்பதிலேயே தேய்ந்துவிடும். ஆனால் அதைப் பார்க்க டொக்டரிடம் யாரும் போவதில்லை. தில்லைநாதனிடம் வந்தார்கள்.

வைத்தியத்துக்கு ஒரு முறை இருந்தது. பேசக் கூடாது. மூன்று தட்டு. தட்டு வாங்கியவர் உடனே எழும்பக் கூடாது. அசையாமல் நல்ல நேரம் கிடந்தால்தான் கால் உடம்புக்குள் இறங்கும். இந்தக் கடைசி விதியைச் சொன்னவர் ஹமீட். தன் உம்மா சொன்னதாகச் சொன்னார். தில்லைநாதனுக்கே அதுவரைக்கும் தெரியாது.

தன் காலைப் பார்த்து அவருக்கே இப்போது ஒரு பயபக்தி இருந்தது. கழுத்தில் மலையைச் சுமக்கிற ஆட்கள் தன் காலடியில் வந்து கிடக்கிறார்கள். அதிலும் ஜவாத் என்றொரு மனிதர், வாயே திறக்காதவர், கால் பட்ட கணத்தில் குறட்டை விடுவார். என்ன காலப்பா இது என்று தில்லைநாதன் வியந்துகொண்டே காலை எடுப்பார். குளிக்கும்போது வலது காலுக்கு மட்டும் சவர்க்காரம் இரண்டு தரம் போட்டார்.

இப்போது அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் மூட்டையில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தார்.

"எங்க நோகுது, காட்டுங்க," என்றார் ஹமீட்.

தில்லைநாதன் விரலால் தொட்டுக் காட்டினார். ஹமீட்டின் முகம் மாறியது.

"அது கிட்னி, அண்ணே."

"நாரியில்லையோ?"

"நாரி இன்னம் கீழ. இது கிட்னி குந்திக்கொண்டு ஈக்கிற எடம். தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடிச்சால் போகவேணும். கக்கூஸ் அந்த மூலையிலை கிடக்கு."

"அப்ப கல்லுதான். எங்கட மாமாவுக்கும் இப்பிடித்தான். கடுகளவு கல்லு. மனிசன் கட்டில்ல ஏறி எறங்கி அழுதார்."

மற்றவர்களும் விடவில்லை. ஒருவர் கருவாட்டு உப்பு என்றார். இன்னொருவர் மூத்திரத்தை அடக்கினால் கிருமி மேலே ஏறிக் கிட்னிக்குப் போகும் என்றார். மூன்றாமவர் தலையிடிக்கு விழுங்கிய மாத்திரையெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும் என்றார். தனக்கு உள்ளே இத்தனை வாசல்கள் இருப்பது தில்லைநாதனுக்கு அன்றுதான் தெரியவந்தது.

ஜவாத் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை அவருடையது. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, காலியாகக் கிடந்த மூட்டைப் படுக்கையையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

பாவம், என்னில் எவ்வளவு பற்று என்று தில்லைநாதன் நினைத்தார்.

கல்லைக் கரைக்கத் தண்ணீர். ஹமீட் ஒரு பெரிய போத்தலை நிரப்பிக் கொடுத்தார். முடித்ததும் இன்னொன்று. பிறகு வாசலில் விற்கும் செவ்விளநீர், ஒன்றன்பின் ஒன்றாக. கல் கரைந்ததோ இல்லையோ, அடிக்கடி போக வேண்டிவந்தது. கக்கூஸ் களஞ்சியத்தின் மறுமூலையில் இருந்தது. ஓட ஓட ஒவ்வோர் அடிக்கும் கொக்கி இழுத்தது. ஓடாவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

போன் அடித்தது. மீரா சாஹிப்.

"தில்லை, என்ன அங்கயும் இங்கயும் ஓடுறீங்க? நெருப்பா?"

"இல்லை முதலாளி. கிட்னி."

"கிட்னிக்கு ஏன் ஓடுற?"

"தண்ணி குடிச்சனான் முதலாளி."

"அப்ப குடிக்காதீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "கால் எப்பிடி? காலுக்கு ஒண்டும் இல்லயே?"

"கால் தூக்க ஏலாமல் கிடக்கு."

மறுமுனையில் மீரா சாஹிப் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"ஜவாத் மூட்டைய எறக்கி வெச்சிட்டு ஈக்கிறது எனக்குத் தெரியுது," என்றார். "கால் இல்லாட்டி வேல எப்பிடி ஓடும்? சுருக்கா சொகமாகுங்க, தில்லை."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தில்லைநாதன் இரண்டாக மடிந்திருந்தார். சுபோதினி அவரைக் கதிரையில் இருத்தினாள். போனை எடுத்துக் கண்ணாடியைப் போட்டாள்.

"இஞ்சாருங்கோ, எல்லாம் போட்டிருக்கு. கல். கிருமி. அடைப்பு. கிட்னிக்குள்ளை நீர்க்கட்டி. கிட்னியிலை அடிபடுறது. ரத்தக்கட்டி. காய்ச்சல் இருக்கோ?"

"இல்லை."

"நடுங்கிற குலைப்பன்?"

"நீர் வாசிக்க வாசிக்க வருது."

"இதிலை கிடக்கிறதிலை பாதி உங்களுக்கு இருக்கு."

"மற்றப் பாதி?"

"இனித்தான் வரும்."

அதில் சூடு வைக்கலாம் என்றும் போட்டிருந்தது. சுபோதினி எதையும் அரைகுறையாகச் செய்கிறவளல்ல. கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணிப் பையை வைத்து, அது நழுவாமல் இருக்கச் சேலைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். தில்லைநாதன் "சுடுது" என்றார். "சுடத்தான் வைக்கிறது" என்றாள். அவிழ்த்தபோது விலாப்பக்கம் செக்கச் சிவந்து, கொப்புளம் கட்டத் தொடங்கியிருந்தது.

சுபோதினி போனைப் பார்த்தாள். முதுகைப் பார்த்தாள். திரும்பவும் போனைப் பார்த்தாள்.

"கடவுளே. இதுவும் போட்டிருக்கு. அக்கி. ஒரு பக்கத்திலை நோ வருமாம், பிறகு சிவந்து கொப்புளிக்குமாம்."

"அது உம்மடை பையப்பா!"

"பை வைக்க முதலே நோ வந்ததுதானே?"

போனில் இருந்த எல்லா நோயும் ஒவ்வொன்றாகத் தன்னைத் தேடி வருவதைத் தில்லைநாதன் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சின்ன இடத்துக்குள் எவ்வளவு நடக்கிறது! தன் காலைப் பற்றி இவ்வளவு பெருமைப்பட்ட மனிதர், அதற்கு ஒரு முழம் மேலே இருந்த ஒன்றை இதுவரைக்கும் ஒருதரம்கூட நினைத்துப் பார்த்ததில்லை.

அடுத்த நாள் லீவு போடச் சொன்னாள். தில்லைநாதன் கேட்கவில்லை. கொன்டெய்னர் வரும் நாள். எத்தனை நாரிகள் காத்திருக்கும்!

களஞ்சியத்தில் ஹமீட் ஏற்கெனவே ஒரு தீர்வோடு நின்றார். தீர்வின் பெயர் ருக்கியா. கிராண்ட்பாஸில் இடியப்பம் விற்கிறவர். அகலமான தோள். பிழிந்து பிழிந்து திரண்ட கை. முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, களஞ்சியத்தை வாடகைக்கு எடுக்க வந்தவர் போல நாலாபக்கமும் பார்த்தார்.

"ருக்கியா ராத்தாவும் காலாலதான் பொறந்த, அண்ணே," என்றார் ஹமீட். "எல்லாருக்கும் நீங்க வெச்சீங்க. ஒங்களுக்கு வெக்க ஒரு கால் வேணாமா?"

இது தனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று தில்லைநாதன் அசந்துபோனார்.

ருக்கியா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களும் காலாலயா பொறந்த?"

"ஓம்."

"எந்தக் காலு முந்தி?"

"வலது."

"ஒண்டுதானா?" ருக்கியாவின் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. "எனக்கு ரெண்டும்."

நாட்டாமிமார் மத்தியில் ஒரு சலசலப்பு ஓடியது. தில்லைநாதன் ஒன்றும் பேசாமல் மூட்டைகளின் மேல் போய்க் குப்புறப் படுத்தார். பெரியவர்கள் முன்னால் பேசுவது அழகல்ல.

ருக்கியா மரியாதைக்காக அவர் முதுகில் ஒரு வெற்றுச் சாக்கை விரித்தார். "பிஸ்மில்லா" என்று காலைத் தூக்கினார். தில்லைநாதன் எப்போதும் மெதுவாகத் தட்டுவார். பூ வைத்தது போலிருக்கும் என்று ஹமீட் சொல்லுவார். ருக்கியாவின் கால் கதவை உடைக்க வந்தது போல வந்தது. முதல் தட்டில் தில்லைநாதன் ஒரு மூட்டை தள்ளிப் போனார். இரண்டாவதில் இன்னொரு மூட்டை. மூன்றாவதில் மூட்டை முடிந்துவிட்டது. நிலத்தில் கிடந்தார்.

"கல்லு ஒடஞ்சிருக்கும்," என்றார் ருக்கியா, முந்தானையைச் சரிசெய்துகொண்டு. "இல்லாட்டி, கால்பொறப்புக்குக் கால்பொறப்பு ஒட்டாது. ரெண்டுல ஒண்டு." பிறகு வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "வேற யாருக்கு நோவு? வந்ததே வந்திட்டன்."

முன்னால் நின்ற ஜவாத் ஓரடி பின்னால் வைத்தார்.

"எனக்கு இப்ப சொகம்," என்றார்.

அடுத்தவருக்கும் சுகமாகிவிட்டது. அவருக்கு அடுத்தவருக்கும். ஒரு நொடியில் வரிசை கரைந்து, எல்லோரும் மூட்டை தூக்கப் போய்விட்டார்கள்.

நிலத்தில் கிடந்தபடி இதைப் பார்த்துத் தில்லைநாதன் உருகினார். இரட்டைக் கால் வந்து நின்றும், நோவைத் தாங்கிக்கொண்டு, என் ஒற்றைக் காலுக்காகக் காத்திருக்கிறார்களே! இந்த விசுவாசத்துக்கு நான் என்ன செய்யப்போகிறேன்?

போன் அடித்தது.

"தில்லை, அந்தப் பொம்புள யாரு? வேலைக்கு வருவாவா?"

அன்று மாலை சுபோதினி சமையலறையில் இருந்து வெளியே வரவில்லை. உதை வாங்கிய உடம்புக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று பீட்ரூட்டை அரைத்துப் பிழிந்து ஒரு பெரிய கிளாஸ் கொடுத்தாள். பீட்ரூட் கறி. பீட்ரூட் சம்பல். "மிச்சம் விடாதேங்கோ." தில்லைநாதன் விடவில்லை.

காலையில் கழிவறைக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. சுபோதினி ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"என்னப்பா?"

"சிவப்பு."

"என்ன சிவப்பு?"

"எல்லாம் சிவப்பு, சுபோ. அவ உடைச்சுப்போட்டா. கல்லை இல்லை, கிட்னியை உடைச்சுப்போட்டா!"

முச்சக்கரவண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "அய்யே, கொஹாட்டத?" என்று எங்கே போவதெனச் சிங்களத்தில் கேட்டார். "பொரளை, மல்லி, ஹொஸ்பிட்டல், இக்மனட்ட!" என்று, சீக்கிரம் போகும்படி சிங்களத்திலேயே கத்தினாள் சுபோதினி. தில்லைநாதன் போகும் வழியெல்லாம் வலது காலைத் தடவிக்கொண்டே போனார். தான் போய்விட்டால் அந்தக் காலை எரிக்க வேண்டாம், தனியாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை.

டொக்டர் மிதுனா இளம் வயது. கொட்டாவியை அடக்கியபடி முழுக் கதையையும் கேட்டார். தண்ணீர், பை, கொப்புளம், ருக்கியா, சிவப்பு. காய்ச்சல் பார்த்தார். எரிவு இருக்கிறதா என்று கேட்டார். பிறகு பின்னால் வந்து, விலாவுக்குக் கீழே ஒரு கையை வைத்து, மறுகை முட்டியால் அதன் மேல் மெதுவாகக் குத்தினார்.

"இதிலை நோகுதோ, ஐயா?"

தில்லைநாதன் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தார்.

"நீங்களும் காலாலையோ பிறந்தனீங்கள்?"

"என்ன?"

"இல்லை, தட்டுறியள். கையாலை."

டொக்டர் மிதுனா சுபோதினியைப் பார்த்தார். சுபோதினி சுவரைப் பார்த்தாள்.

"நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?"

"பீட்ரூட்," என்றார் தில்லைநாதன். "குடிச்சதும் அதுதான்."

சுபோதினி இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டாம் என்று சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு ஸ்கேனும் செய்தார்கள். இருட்டு அறை. வயிற்றில் குளிர்ந்த பசை. டொக்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். மழைநாள் மாதிரிச் சாம்பல் நிறம். அதன் நடுவில் பயறுபோல வளைந்த ஒன்று.

"இதுதான் உங்கடை வலது கிட்னி. பாருங்கோ, கல் இல்லை, அடைப்பு இல்லை. வடிவாய் இருக்கு."

தில்லைநாதன் தலையை உயர்த்திப் பார்த்தார். இதுதானா? இவ்வளவு சிறியதா?

"இது என்ன செய்யுது, டொக்டர்?"

"உங்கடை உடம்பிலை ஓடுற ரத்தம் முழுக்க இதுக்குள்ளாலை போகும். திரும்பத் திரும்ப. கழுவிக் கழுவி அனுப்பும்."

"எப்ப ஓய்வு?"

"ஓய்வோ?" டொக்டர் சிரித்தார். "ஓய்வில்லை, ஐயா. நீங்கள் படுத்தாலும் அது படுக்காது. நீங்கள் பிறக்க முதலே வேலை தொடங்கினது."

தில்லைநாதன் வாயைத் திறந்தபடி கிடந்தார். தான் கதிரையில் இருந்து மூட்டை எண்ணிய காலமெல்லாம், பாயில் கிடந்த இரவெல்லாம், இது உள்ளே நின்ற நிலையில் கழுவிக்கொண்டிருந்திருக்கிறது. ஒருதரம்கூடக் குந்தவில்லை. மீரா சாஹிப் கண்டால் உடனே வேலைக்கு எடுத்துவிடுவார். அவர் கண்ணில் நீர் வந்தது. திரையைப் பார்த்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கையில் பசை இருந்தபடியால் விட்டுவிட்டார்.

"அப்ப ஏன் நோகுது?"

"தசை, ஐயா. கிட்னிக்குப் பக்கத்திலை கிடக்கிற தசை பிடிச்சிருக்கு. கனபேர் அதைக் கிட்னி எண்டு பயப்படுறது. பாரம் தூக்கிறனீங்களோ?"

"இல்லை. ஸ்டோர் கீப்பர்."

"குனிஞ்சு நிமிர்ற வேலை? அடிக்கடி ஒரு பக்கமாய்ச் சரிஞ்சு, ஒற்றைக் காலிலை நிக்கிற மாதிரி ஏதும்?"

தில்லைநாதன் மெதுவாக எழும்பி உட்கார்ந்தார். தன் வலது காலைப் பார்த்தார்.

வெளியே வந்தபோது மருந்துச் சீட்டில் இரண்டு விஷயம் இருந்தது. பூசுவதற்கு ஒரு மருந்து. அதன் கீழே, அடிக்கோடு போட்டு: ஒற்றைக் காலில் நிற்கக் கூடாது.

கிட்னி பிழைத்துவிட்டது. கால் போய்விட்டது.

சுபோதினி சந்தோஷத்தில் அழுதாள். தில்லைநாதனும் அழுதார், அது வேறு அழுகை. தன்னை நம்பிய முதுகுகளை அவரால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. பொரளைச் சந்தியில் ஒரு கடைக்குள் நுழைந்தார். வெளியே வரும்போது கையில் ஒரு பெட்டி இருந்தது.

அடுத்த கொன்டெய்னர் வந்த நாள், வெங்காயம். பாதி இறங்கியதும் வழமைபோல எல்லோருக்கும் நாரி பிடித்தது. வரிசை வந்து நின்றது. ஜவாத் முதல் ஆளாக மூட்டைப் படுக்கையில் படுத்தேவிட்டார்.

தில்லைநாதன் இரண்டு காலையும் நிலத்தில் நன்றாக ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஜவாத் நானா, எழும்புங்கோ."

"ஏன் ஐயா?"

"இனிக் கால் இல்லை." சொல்லிவிட்டார். "டொக்டர் தடுத்துப்போட்டா. உங்களுக்கெல்லாம் வைச்சு வைச்சு என்ரை உடம்பு பிடிச்சுப்போச்சு. நான் அதைப் பற்றிக் கவலைப்படேல்லை. ஆனால் ஏலாது."

மூட்டைக்காரர்களின் முகங்கள் இப்படி இடிந்து தில்லைநாதன் பார்த்ததில்லை. லொறி கவிழ்ந்த நாளில்கூடப் பார்த்ததில்லை. ஹமீட் தோளில் கிடந்த சாக்கை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"அண்ணே, மெதுவா வைங்க. பட்டும் படாம. சும்மா கால வெச்சா போதும்."

"அந்தரப்படாதேங்கோ, நானா. உங்களை விட்டுட்டுப் போவனோ?" தில்லைநாதன் பெட்டியைத் திறந்தார். துப்பாக்கி மாதிரி ஒரு மெஷின். சுவிட்சை அமத்தினார். தும்பி போல இரைந்தது. "மசாஜ் மெஷின். நோகிற இடத்திலை பிடிச்சால் கண் மூடி முழிக்க முதல் விட்டுப்போகும். படுக்கவும் தேவையில்லை. நிண்டபடி பிடிக்கலாம். மூட்டை தோளிலை இருக்கேக்கையும் பிடிக்கலாம்!"

போன் அடித்தது. கூரைக் கெமரா எல்லாவற்றையும் பார்த்திருந்தது.

"தில்லை!" மீரா சாஹிப்பின் குரல் குதூகலித்தது. "நிண்டபடியேவா? மாஷா அல்லா! இது முந்தியே வாங்கீக்கணுமே! படுக்கிற வேலைய இன்டையோட நிப்பாட்டுங்க!"

தில்லைநாதன் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். மகிழ்ச்சி எதிர்பார்த்தார். அவர் முன்னால் இரையும் மெஷினைச் சுற்றி, ஒரு சாவீட்டில் நிற்பது போல எல்லோரும் நின்றார்கள்.

"என்ன, பிடிக்கேல்லையோ? என்ரை காலிலை இருக்கிற பற்று எனக்கு விளங்குது," என்றார். "ஆனால் நோவு போகவேணும்தானே?"

ஹமீட் அவர் கையைப் பிடிக்க வந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். ஒருவர் பின் ஒருவராக மூட்டைகளின் பக்கம் திரும்பினார்கள்.

படுக்கையில் கிடந்த ஜவாத் மட்டும் எழும்பவில்லை. கூரையில் இருந்த கெமராவுக்கு முதுகைக் காட்டியபடி, குப்புறக் கிடந்தவாறே முகத்தை மட்டும் திருப்பினார். இத்தனை காலத்தில் அவர் நீளமாகப் பேசியது அதுதான்.

"ஒங்கட காலால எங்க ஒருத்தர்ட நோவும் போனதில்ல ஐயா, அந்தக் கெமராக்கு முன்னால எங்களுக்குப் படுக்கக் கெடச்ச ஒரே எடம் அதுக்கு அடியிலதான்."